மேடையை மூடுவது கல்வி ஆகாது

கல்லூரி என்பது படிப்பதற்காக ஏற்பட்ட இடம். அங்கே சர்ச்சைக்குரிய மனிதர்களை அழைத்து வந்து பேசவைப்பது மாணாக்கரின் மனத்தைக் கலைப்பதாகும், ஸ்தாபனத்தின் பெயரைக் கெடுப்பதாகும், பொது அமைதிக்கும் பங்கம் விளைவிப்பதாகும் என்றோர் அபிப்பிராயம் இந்நாளில் ஏறக்குறைய எல்லாராலும் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. ஆளுங்கட்சியாரும் எதிர்க்கட்சியாரும், ஆத்திகரும் நாத்திகரும், வேறெந்த விஷயத்திலும் தம்முள் ஒன்றுபடாதவர்கள், தமக்குப் பிடிக்காத ஒருவர் கல்லூரி வாசலை நெருங்கும்போது மட்டும் இந்த ஒரே வாசகத்தைச் சொல்லிக்கொண்டு குறுக்கே வந்து நிற்கிறார்கள். அவர்களைக் காட்டிலும் நான் பொருட்படுத்துவது பெற்றோரின் குரலை. ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு தகப்பனார், மகளைப் பொறியியல் கல்லூரியில் சேர்த்திருப்பவர், "வயித்தக் கட்டி வாயக் கட்டி ஃபீஸ் கட்டறோம் சார். படிச்சு முடிச்சு ஒரு வேலைக்குப் போனாப் போதும். எவன் எவனோ வந்து பேசறதக் கேக்கறதுக்கா அனுப்பறோம்?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குள் இருக்கும் உழைப்பையும் கவலையையும் நான் மதிக்கிறேன். அதன் முடிவை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. அது பிழையான முடிவு என்பது மட்டுமன்று. அவருடைய மகளுக்கே தீங்கான முடிவு என்று கருதுகிறேன்.

கல்லூரி மண்டபத்தில் கனலான பொருளைப் பேசுவது நமக்குப் புதிதென்று சொல்வோர் சென்னைச் சட்டக் கல்லூரியின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கலாம். 1943ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் அக்கல்லூரி மண்டபத்தில் ஒரு விவாதம் நடந்தது. கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று சுயமரியாதை இயக்கத்தார் கிளர்ச்சி செய்துகொண்டிருந்த காலம். உலக யுத்தம் நடந்துகொண்டிருக்க, அந்நிய அரசாங்கம் யுத்தகாலச் சட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த காலமுங்கூட. கொளுத்த வேண்டும் என்னும் கட்சிக்காகப் பேச வந்தவர் சி. என். அண்ணாதுரை, அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. மறுத்துப் பேச வந்தவர் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையைச் சேர்ந்த ரா. பி. சேதுப்பிள்ளை, பிற்காலத்தில் தமிழுக்கான முதல் சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றவர், கம்பனைத் தம் உயிரெனக் கருதியவர். சி. எம். இராமச்சந்திரன் செட்டியார் தலைமை வகித்தார். அடுத்த மாதமே சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடு அதே பொருளில் மீண்டும் ஒரு விவாதம். அவ்விரு சொற்போர்களும் பின்னர் 'தீ பரவட்டும்' என்ற பெயரில் அச்சாகி வந்தன.

இன்றைக்கு ஒருவர் ஏதேனும் ஒரு கல்லூரி முதல்வரிடம் சென்று, ஒரு காவியத்தை நெருப்பிலிடலாமா கூடாதா என்பதைப் பற்றி உங்கள் மண்டபத்தில் இரு தரப்பாரும் வாதிடப் போகிறார்கள், அனுமதி வேண்டும் என்று கேட்பாரானால், அவர் நாற்காலியில் அமர்வதற்குமுன் வாசல் வரை கொண்டுவந்து விடப்படுவார். அன்று மண்டபம் திறந்தது. எதிராளியின் கட்சியைத் துர்க்கந்தமாகக் கருதிய ஒரு தமிழறிஞர், அதற்காக மேடையைத் துறக்காமல், அந்த மேடையிலேயே ஏறி நின்று பதில் சொன்னார். காவியத்தை எரிக்கும் கட்சியில் எனக்குச் சிறிதும் சம்மதமில்லை. ஆயினும் அந்தக் கட்சி பேசப்பட்டதையும் மறுக்கப்பட்டதையும் அக்கால மாணாக்கர் நேரில் கேட்டார்கள் என்பதைத் தமிழ்நாட்டின் பாக்கியமென்றே கருதுகிறேன். கம்பனும் அதனால் குன்றிப் போகவில்லை. 1968 சனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாக் கடற்கரையில் நிறுவப்பட்ட சிலைகளுள் கம்பர் சிலையும் ஒன்று. அப்போது முதலமைச்சராக இருந்தவர் அதே அண்ணாதுரை.

இவ்வழக்கம் மேனாட்டிலிருந்து இறக்குமதியானது என்று சிலர் சொல்லக்கூடும். மணிமேகலையைப் படித்தவர் அப்படிச் சொல்லமாட்டார். துறவு பூண்ட அந்த இளம்பெண் வஞ்சி நகரில் மாதவன் வடிவு கொண்டு சென்று, அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாக ஒவ்வொரு சமயத்தானையும் அணுகி, உன் கொள்கை யாதென்று கேட்டு, அவன் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருக்கிறாள்; அறம் கேட்பதற்குமுன் மற்றெல்லாவற்றையும் கேட்கவேண்டும் என்பதே அக்காவியத்தின் ஒழுங்கு. அருணந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்தத்தை நிலைநாட்டப் புகுந்தபோது முதலில் எழுதியது தம் கட்சியை அன்று. லோகாயதன் முதலானோர் கட்சிகளையெல்லாம் 'பரபக்கம்' என வகுத்து, அவரவர் வாயால் சொல்லவைத்து, பிறகே மறுத்தார். குண்டலகேசி என்னும் பௌத்த காவியம் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. அதை மறுப்பதற்காக எழுந்த நீலகேசியோ கிடைத்திருக்கிறது. தோற்கடிக்கப்பட வேண்டிய கட்சியையும் தன்னுள்ளே வைத்துப் போற்றிய கண்டன மரபு நம்முடையது. பூர்வபக்ஷத்தைக் கேளாமல் சித்தாந்தம் சொன்னவனை நம் முன்னோர் வித்துவான் என்று ஒப்புக்கொண்டதில்லை.

மாணாக்கர் பக்குவமில்லாதவர்கள், எதைக் கேட்டாலும் நம்பிவிடுவார்கள் என்பது அடுத்த ஆக்ஷேபணை. வாக்குரிமை வயதை இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைத்த அரசியலமைப்பின் 61ஆவது திருத்தம் 1989 மார்ச் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் இந்தியாவின் பிரதம மந்திரி யார் என்பதைத் தீர்மானிக்கும் தகுதி உடையவள். அந்தப் பிரதம மந்திரியை ஆதரித்தோ எதிர்த்தோ ஒருவர் ஒரு மணி நேரம் பேசுவதைக் கேட்கும் தகுதி மட்டும் அவளுக்கு இல்லை என்று சொல்வதற்கு என்ன நியாயம் இருக்கிறதோ, எனக்கு விளங்கவில்லை. அவள் கைபேசியில் நாள்முழுதும் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சுகளை எந்த முதல்வரும் தடுத்துவிடப் போவதில்லை. அங்கே பேசுகிறவனை யாரும் இடைமறித்துக் கேட்க முடியாது. பக்கத்தில் ஓர் ஆசிரியர் இல்லை. மாற்றுக் கட்சிக்காரன் இல்லை. பக்குவம் வேண்டுமென்று உண்மையாகவே விரும்புகிறவர்கள், அது விளையக்கூடிய ஒரே இடத்தை மூடிவிட்டு, விளையவே முடியாத இடத்தில் பிள்ளைகளைத் தனியே விட்டுவிடுகிறார்கள்.

கலவரம் வரும் என்பது மூன்றாவது. இதற்கு உச்ச நீதிமன்றம், மேற்சொன்ன திருத்தம் நடைமுறைக்கு வந்த இரண்டாம் நாளே, 1989 மார்ச் 30 அன்று, தமிழ்நாட்டு வழக்கொன்றில் பதில் சொல்லியிருக்கிறது. ஜாதியை அளவுகோலாகக் கொண்ட இட ஒதுக்கீட்டைக் குறைகூறிய 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற திரைப்படத்துக்குத் தணிக்கைக் குழு கொடுத்த சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. படம் ஓடினால் கொந்தளிப்பு ஏற்படும் என்பது மாநில அரசின் வாதம். ஆர்ப்பாட்டம் செய்வோம், வன்முறையில் இறங்குவோம் என்று யாரோ மிரட்டுவதற்காகக் கருத்துரிமையை அடக்க முடியாது, அப்படி அடக்குவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிட்டு மிரட்டலுக்குப் பணிவதாகும், பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் படத்துக்குச் சான்றிதழை மீட்டுக் கொடுத்தது. அந்தப் படத்தின் கட்சி என் கட்சி அன்று. இட ஒதுக்கீட்டை ஆதரிப்பவன் நான். ஆனால் அத்தீர்ப்பு சரியான தீர்ப்பு. பேச வந்தவரை விட்டுவிட்டுக் கல்லெறிய வந்தவனைப் பிடிப்பதே காவல் துறையின் வேலை. இந்த எளிய விஷயம் நமது கல்லூரி நிர்வாகங்களில் தலைகீழாகிவிட்டது. 2017 பிப்ரவரியில் தில்லி ராம்ஜஸ் கல்லூரியில் நடந்ததை நினைவுகூரலாம்: ஒரு கருத்தரங்குக்கு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் உமர் காலித் அழைக்கப்பட்டிருந்தார், எதிர்ப்பு வந்தது, அழைப்பு திரும்பப் பெறப்பட்டது, மறுநாள் கைகலப்பும் நடந்தது. அழைப்பைத் திரும்பப் பெற்றதால் அமைதி கிடைத்ததா? அடிபணிந்தால் கலவரம் நிற்கும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஓர் உதாரணம் போதும்.

ஸ்தாபனத்தின் பெயர் கெடும் என்பவர்களுக்கு, ஆதம்பாக்கத்திலிருந்து வேளச்சேரி வழியாகச் சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சென்னை ஐ.ஐ.டி.யைக் காட்டுவேன். அம்பேத்கர்–பெரியார் படிப்பு வட்டம் என்ற மாணவர் அமைப்பு 2014 ஏப்ரலில் அங்கே தோன்றியது. மறு ஆண்டு, ஒரு விரிவுரையையொட்டி அவர்கள் வெளியிட்ட துண்டுப்பிரசுரத்தைக் குறித்து மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்கு ஓர் அநாமதேயக் கடிதம் சென்றது. கையெழுத்திட்டுப் பெயர் சொல்லத் துணியாத ஒருவரின் குற்றச்சாட்டு அது. அமைச்சகம் அதை நிறுவனத்துக்கு அனுப்பிவைக்க, நிறுவனம் 2015 மே மாதத்தில் வட்டத்தின் அங்கீகாரத்தை நீக்கியது. நாடு முழுவதும் ஆட்சேபக் குரல் எழுந்தது. சூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கொடுக்கப்பட்டது. அந்த இரண்டு வாரங்களில் ஐ.ஐ.டி.யின் பெயருக்கு நேர்ந்த சேதம், அந்தத் துண்டுப்பிரசுரம் ஆயிரம் பிரதி விநியோகமாகியிருந்தாலும் நேர்ந்திருக்காது. அதுவரை அவ்வளாகத்துக்கு வெளியே அதிகம் பேர் கேள்விப்பட்டிராத ஒரு வட்டத்தின் பெயர் நாடறிந்த பெயராயிற்று. வேறு பல வளாகங்களிலும் அதே பெயரில் வட்டங்கள் முளைத்தன. அடக்கியவர்கள் சாதித்தது இவ்வளவுதான்.

இது ஒரு கட்சியாரின் குற்றம் மட்டும் என்று நான் எழுதினால் வாசகர் என்னை நம்ப வேண்டியதில்லை. 2019 சனவரியில் லயோலா கல்லூரியில் வைக்கப்பட்ட ஓவியங்களுக்கு எதிர்ப்புக் கிளம்பியதும் கல்லூரி மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு மார்ச் 13 அன்று ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ராகுல் காந்தி மாணவிகளின் முன் நின்று அவர்களுடைய கேள்விகளுக்கு விடை சொன்னார். இதற்கு எப்படி அனுமதி கொடுக்கப்பட்டது என்று கல்லூரிக் கல்வி இயக்ககம் அறிக்கை கேட்டது. 2024 மார்ச்சில், இந்தியாவில் கிறிஸ்தவத்தைப் பரப்புவது எப்படி என்ற பொருளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அறிவிக்கப்பட்ட சொற்பொழிவு, எதிர்ப்பு வந்தவுடன் ரத்தாயிற்று. மறுபக்கத்தையும் பார்ப்போம். மயிலாப்பூரில் பிறந்த சுப்பிரமணியன் சுவாமி முஸ்லிம்களைக் குறித்து ஒரு பத்திரிகையில் எழுதியதற்காக, ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் 2011 டிசம்பரில் கோடைக்காலப் பாடத்திட்டத்திலிருந்து அவருடைய வகுப்புகளை நீக்கினார்கள். 2013 மார்ச்சில், அப்போது குஜராத் முதலமைச்சராயிருந்த நரேந்திர மோதி, அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளி மாணவர்கள் நடத்திய மாநாட்டில் காணொலி மூலம் பேசுவதாக இருந்தது. பேராசிரியர் சிலர் எதிர்க்கவே அழைப்பு கைவிடப்பட்டது. சுவாமியின் அந்தக் கட்டுரை எனக்கு அருவருப்பூட்டுவது. எனினும், அம்மாநாட்டில் மோதியிடம் 2002 குஜராத் கலவரத்தைப் பற்றி நேருக்கு நேர் கேட்கக்கூடிய ஒரு சந்தர்ப்பத்தை அந்தப் பேராசிரியர்கள் தங்கள் கையாலேயே கெடுத்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்வேன். நமக்கு வேண்டியவரைத் தடுத்தால் சுதந்திரத்துக்கு ஆபத்து, வேண்டாதவரைத் தடுத்தால் சமூகத்துக்கு நன்மை என்று இரண்டு தராசு வைத்திருப்பவர்கள் எந்தச் சுதந்திரத்தைப் பற்றியும் பேச அருகதையற்றவர்கள்.

இனி, எதிர்த் தரப்பின் மிக வலுவான வாதத்துக்கு வருகிறேன். "அசோக் நகரில் என்ன நடந்தது, பார்த்தீர்களா?" என்று அவர்கள் கேட்பார்கள். 2024 ஆகஸ்டு மாதம் அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் மகாவிஷ்ணு என்ற சொற்பொழிவாளர், உடற்குறையோடு பிறப்பதும் ஏழ்மையில் பிறப்பதும் முற்பிறவிப் பாவத்தின் விளைவு என்ற ரீதியில் பேசினார். பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து ஆட்சேபித்தார். விஷயம் வெளியே வந்தது. தலைமையாசிரியர் இடமாற்றம் செய்யப்பட்டார். செப்டம்பர் 7 அன்று பேச்சாளர் விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். இதைக் காட்டி, வெளியாட்களை உள்ளே விட்டதன் பலன் இதுதான் என்கிறார்கள்.

நான் அந்த நிகழ்ச்சியிலிருந்து படிப்பது நேர்மாறான பாடம். முதலாவதாக, அது பள்ளி. எழுந்து போக உரிமையில்லாத, எதிர்த்துக் கேட்கப் பழக்கப்படாத சிறுமிகளை வரிசையாக உட்காரவைத்து ஒருவர் மட்டுமே பேசிய இடம் அது; பதினெட்டு வயது கடந்தவர்கள் விரும்பி வந்து கேட்கும் கல்லூரிக் கூட்டத்தோடு அதை ஒப்பிடலாகாது. இரண்டாவதாக, அன்று அந்த மண்டபத்தைக் காப்பாற்றியது எது? எந்தச் சுற்றறிக்கையும் அன்று. எந்தப் போலீஸ் அதிகாரியும் அன்று. ஓர் ஆசிரியர் எழுந்து நின்று கேட்ட கேள்வி. மாணவியர் அன்று கேட்ட பேச்சை மறந்துவிடுவார்கள். மேடையில் நிற்பவரை அத்தனை பேர் முன்னிலையில் தம் ஆசிரியர் எதிர்த்துக் கேட்டதை ஆயுள் முழுவதும் மறக்கமாட்டார்கள். கைதும் இடமாற்றமும் அரசாங்கத்துக்குச் சுலபமான காரியங்கள். அடுத்த வாரமே அதே மண்டபத்தில் அதே மாணவியரிடம், வினைப்பயன் என்ற பெயரில் மாற்றுத்திறனாளரை இழித்துரைப்பது ஏன் அநியாயம் என்று விளக்கிச் சொல்லி, அவர்களையும் பேசவைத்திருந்தால் அதுவே மெய்யான பரிகாரமாயிருக்கும்.

நோய் எங்கே இருக்கிறதென்று இப்போது பார்க்கலாம். நம் கல்லூரிகளில் பேச்சாளருக்குப் பஞ்சமில்லை, கேள்விக்குத்தான் பஞ்சம். சில ஆண்டுகளுக்கு முன் நகரத்துக் கல்லூரி ஒன்றின் விழாவுக்கு நான் போயிருந்தேன். குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. வந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவர்களுக்கும் பொன்னாடை. முன்வரிசையில் வெள்ளை உறை போட்ட சோபாக்கள். அவற்றுக்குப் பின்னால் வருகைப் பதிவுக்காகக் கொண்டுவந்து உட்காரவைக்கப்பட்ட மாணாக்கர். சிறப்பு விருந்தினர், பெண்கள் வேலைக்குப் போவதால் குடும்பம் சிதைகிறதென்று முக்கால் மணி நேரம் உபந்நியாசம் செய்தார். அவர் முடித்ததும் நடுவரிசையில் ஒரு பெண் எழுந்து கையை உயர்த்தினாள். சல்வாருக்கு மேல் அடையாள அட்டை தொங்கியது. கையில் மடித்த காகிதம், ஏதோ குறித்து வைத்திருக்கிறாள். தொகுத்து வழங்கிய ஆசிரியை அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, நேரமின்மை காரணமாக அடுத்ததாக நன்றியுரை என்று அறிவித்தார். பக்கத்திலிருந்த தோழி அவளுடைய துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அதன் பின் நினைவுப் பரிசு கொடுப்பதற்குப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. நேரம் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு இல்லை.

அந்த விருந்தினர் 'சர்ச்சைக்குரியவர்' பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதிகாரம் உள்ளவர்களும் பணம் உள்ளவர்களும் பேசுவது ஒருநாளும் சர்ச்சையாகக் கருதப்படுவதில்லை. அவர்களை எதிர்த்துப் பேசுவதே சர்ச்சை. 2025 ஏப்ரல் 12 அன்று மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரிக்கு விருந்தினராக வந்த அப்போதைய ஆளுநர் ஆர். என். ரவி, மாணவர்களை 'ஜெய் ஸ்ரீராம்' என்று முழங்கச் சொன்னார். மாநிலத்துப் பல்கலைக்கழகங்களின் வேந்தராயிருப்பவர் மேடையிலிருந்து ஒரு கோஷத்தைச் சொல்லித் தந்து, திரும்பச் சொல் என்கிறபோது, முதல் வருஷத்து மாணவன் என்ன செய்வான்? இராமபக்தியைப் பற்றி அவர் ஒரு மணி நேரம் வாதிட்டிருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பதிலுக்கு இடமில்லாத இடத்தில் பணிவை மட்டும் கேட்டார் என்பதே என் கண்டனம். அதே காரணத்துக்காக, எந்தக் கட்சித் தலைவர் வந்து மாணாக்கரைத் தம் முழக்கத்தைச் சொல்லச் சொன்னாலும் கண்டிப்பேன்.

எல்லையே கிடையாதா என்று கேட்டால், உண்டு. அரசியலமைப்பின் 19ஆவது ஷரத்து பேச்சுரிமையைக் கொடுத்த கையோடு அதன் எல்லைகளையும் வகுத்திருக்கிறது. குற்றம் செய்யத் தூண்டுவதும் அவதூறு செய்வதும் அங்கேயே விலக்கப்பட்டிருக்கின்றன. ஒருவர் அந்த எல்லையை மீறினால் அவர்மேல் வழக்குத் தொடரட்டும். அவர் மீறக்கூடும் என்று ஜோஸ்யம் சொல்லி வாசலில் நிறுத்துவது வேறு. அந்த ஜோஸ்யத்தைச் சொல்லும் அதிகாரத்தை ஒரு துணை இயக்குநருக்கோ ஓர் அநாமதேயக் கடிதக்காரனுக்கோ கொடுத்துவிட்டு, நம் பிள்ளைகள் சிந்திக்கக் கற்றுக்கொள்ளவில்லையே என்று பிறகு அங்கலாய்ப்பதில் அர்த்தமில்லை. என் அண்டைவீட்டுத் தகப்பனார் கேட்பது வேலை. அவருடைய மகள் நேர்முகத் தேர்வில் உட்காரும்போது எதிரே நான்கு பேர் இருப்பார்கள். அவர்கள் சொல்வதில் ஒன்று தவறாயிருந்தால், மரியாதை குன்றாமல், காரணத்தோடு அதை மறுத்துச் சொல்லும் திறன் அவளுக்கு வேண்டும். நான்கு ஆண்டுகள் கைதட்ட மட்டும் பழக்கப்பட்டவளுக்கு அது எங்கிருந்து வரும்?

ஆகவே கல்லூரி முதல்வர்களை நான் வேண்டுவது இது. யாரை அழைப்பதென்று உங்கள் மாணவர்கள் தீர்மானிக்கட்டும். கம்யூனிஸ்டும் வரட்டும், சங்க பரிவாரத்தாரும் வரட்டும், பாதிரியாரும் மௌல்வியும் பெரியார் தொண்டரும் வரட்டும். வருகிறவர் எவராயினும், கேள்விக்குப் பதில் சொல்ல ஒப்புக்கொண்ட பிறகே அவருக்கு அழைப்பிதழ் அச்சாகட்டும். அந்த அழைப்பிதழில் சிறப்புரைக்கும் நன்றியுரைக்கும் நடுவே, 'மாணவர் வினாக்கள்: முக்கால் மணி நேரம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த நேரத்தில் முதலில் கையை உயர்த்துகிறவரிடம் ஒலிபெருக்கியைக் கொடுங்கள். பொன்னாடைகளைக் குறைத்துக்கொண்டால் அந்த நேரம் தாராளமாகக் கிடைக்கும்.